கார் டயர் மாற்றப் போகிறீர்களா? விலையைக் கணக்கிடவும் தரத்தைப் பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கும்போது குனிந்து டயர்களைப் பார்த்தேன். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர், ஆழமாக, தேயாமல் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் கவலையில்லை என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் மழையில், பெரிய வேகம் ஒன்றும் இல்லாத ஒரு வளைவில், காரின் பின்பக்கம் தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போனது. எதிரே வண்டி வராததால் தப்பித்தேன். அதன்பிறகுதான் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த டயர்களுக்கு வயது ஒன்பது. ரப்பர் இறுகிக் கட்டையாகியிருந்தது.

டயரைக் கண்ணால் பார்த்து எடைபோட முடியாது என்பது அன்று புரிந்தது. விலைச்சீட்டும் அப்படித்தான். குறைந்த விலை டயர் சில சமயம் அதிகச் செலவு வைக்கும். அதிக விலை டயர் சில சமயம் வெறும் பெயருக்கான விலையாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய நான் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

புது கார் டயரில் பள்ளங்களின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. அந்த அளவைக் காட்டவே பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகளை வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மேடு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் டயரின் தோள்பட்டையில் சிறு முக்கோணக் குறியைத் தேடுங்கள். அதற்கு நேர் மேலே இருக்கும்.

1.6 என்பது சட்டத்தின் எல்லைதான். மழைநீரை அள்ளி வெளியே தள்ளுவது இந்தப் பள்ளங்களின் வேலை. பள்ளம் குறையக் குறைய, வேகமாகப் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே நீர் புகுந்து கார் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சைக் கேட்காது. மழையில் அடிக்கடி ஓட்டுகிறவர் 3 மி.மீ.க்கு வந்தவுடனே புது டயருக்குத் தயாராவது நல்லது என்பது என் கருத்து.

ஆழம் பார்க்கும் அதே வேளையில் தேய்மானம் எந்த வடிவில் இருக்கிறது என்றும் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்ஸையோ சந்தேகப்படுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், அதுவும் அதே இடத்தில் அதே வடிவில் தேயும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

பக்கச் சுவரில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் பட்டனைப் பார்க்கவே தேவையில்லை. குழியில் மோதி உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அன்றே கழற்றுங்கள்.

படி 2: பக்கச் சுவரைப் படியுங்கள்

உங்கள் டயரில் 195/65 ஆர்15 91எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே சுமார் 127 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல், டயரின் உள்ளமைப்பின் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கடைசியில் இருக்கும் 91எச் தான் பலரும் கண்டுகொள்ளாத பகுதி. 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 'எச்' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை. 'டி' என்றால் 190, 'வி' என்றால் 240. "இவ்வளவு வேகத்தில் நான் எங்கே போகப்போகிறேன்?" என்று தோன்றும். ஆனால் வேகக் குறியீடு என்பது டயர் சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்துச் சொல்வது. அதனால் இரண்டு குறியீடுகளும் காரின் கையேட்டில் சொன்னதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சுமைக் குறியீட்டைக் குறைத்து விலை மிச்சப்படுத்த யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தக் கார்களின் எடை அதிகம். அவற்றில் பலவற்றுக்கு எக்ஸ்.எல். என்று குறித்த, அதிகச் சுமை தாங்கும் டயர் தேவைப்படும்.

சரியான அளவு எது என்பதைப் பழைய டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய உரிமையாளர் தவறான அளவைப் போட்டிருக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். அதுதான் ஆதாரம்.

அளவை மாற்ற ஆசைப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 195/65 ஆர்15 டயரின் முழு விட்டம்: இரண்டு பக்கச் சுவர் 253.5 மி.மீ., ரிம் 381 மி.மீ., மொத்தம் 634.5 மி.மீ. 205/55 ஆர்16 டயருக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 632 மி.மீ. வரும். கிட்டத்தட்ட ஒன்றேதான். அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் 647.5 மி.மீ. ஆகிவிடும், ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தை 2 சதவீதம் குறைவாகக் காட்டும், வளைக்கும்போது டயர் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று: ரிம் பெரிதாகப் பெரிதாக டயர் விலையும் ஏறும். அழகுக்காகப் பெரிய ரிம் போடுகிறவர், அடுத்தடுத்து வாங்கும் ஒவ்வொரு செட் டயருக்கும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறார்.

படி 3: பிறந்த தேதியைக் கண்டுபிடியுங்கள்

பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழுக் குறியீடும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் தெரியவில்லையென்றால் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதை இறுக வைத்து வெடிப்பு விழச் செய்கின்றன. ஐந்து வருடம் கடந்த டயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் பட்டன் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். அதை யாரும் பார்ப்பதே இல்லை. நடுவழியில் தேவைப்படும் நாளில்தான் அதன் வயது தெரியவரும்.

கடையில் புதிதாக வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள். சரியாகச் சேமித்து வைத்த டயர் ஒரு வருடம் பழையது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தைத் தாண்டினால் வேறு டயர் கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். தள்ளுபடி விலை என்று பளிச்சென்று எழுதி வைத்திருக்கும் டயரில் இதை முதல் வேலையாகப் பாருங்கள்.

படி 4: ஈர ரோட்டில் எப்படி நிற்கிறது?

எனக்கு டயர் தரம் என்றாலே முதலில் இதுதான். காரை ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது நான்கே இடங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. காய்ந்த ரோட்டில் சுமாரான டயரும் ஓரளவு நின்றுவிடும். மழையில்தான் வித்தியாசம் வெளியே வரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஈர ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் பிரேக் போடுகிறீர்கள். ஒரு டயர் 30 மீட்டரில் நிற்கிறது. இன்னொன்று 36 மீட்டரில் நிற்கிறது. ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட அந்த 30ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் 33 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது வேகத்தில் பாதி குறைவது கடைசிக் கால்வாசித் தூரத்தில்தான். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். விலைப்பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

இதை வாங்குகிறவர் எப்படி அறிவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கார் டயர்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். 2021 மே 1 முதல் நடப்பில் உள்ள வடிவத்தில், ஈரப் பிடிப்புக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் 'ஏ' முதல் 'இ' வரை தரம் கொடுத்து, வெளியே கேட்கும் சத்தத்தை டெசிபலில் குறிக்கிறார்கள். நீங்கள் வேறு எங்கே இருந்தாலும், அதே டயர் அதே அளவில் அங்கே விற்பனையாகிறது என்றால் இணையத்தில் தேடி அந்த லேபிளைப் பார்த்துக்கொள்ளலாம். ஈரப் பிடிப்பில் 'ஏ' அல்லது 'பி' கிடைக்கும்போது அதற்குக் கீழே இறங்க எனக்கு மனம் வருவதில்லை.

அமெரிக்க முறையில் டயரின் மேலேயே மூன்று தரங்கள் அச்சாகியிருக்கும். முதலாவது தேய்மான எண். 100 என்பது அடிப்படை. 400 என்றால் அந்தச் சோதனையில் அடிப்படை டயரைவிட நான்கு மடங்கு உழைக்கும் என்று பொருள். ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டிச் சோதித்துவிட்டு எண்ணைக் கொடுப்பது தயாரிப்பாளரே. ஆகவே ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களை ஒப்பிட இது உதவும்; வேறு வேறு பிராண்டுகளை ஒப்பிடும்போது இதை அப்படியே நம்பக் கூடாது. இரண்டாவது பிடிப்பு: 'ஏ.ஏ.', 'ஏ', 'பி', 'சி'. நேர்கோட்டில் ஈரத் தரையில் பிரேக் பிடிப்பதை மட்டும் இது அளக்கிறது. வளைவில் எப்படி இருக்கும் என்று சொல்லாது. மூன்றாவது சூடு தாங்கும் தரம்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஈரப் பிடிப்பு, நீண்ட ஆயுள், குறைந்த எரிபொருள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. பிடிப்புக்காக ரப்பரை மென்மையாக்கினால் சீக்கிரம் தேயும். உழைப்புக்காக இறுக்கினால் பிடிப்பு போகும். 1992இல் மிஷெலின் நிறுவனம் பட்டன் ரப்பரில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா என்ற தாதுத்தூள் சேர்த்த டயரைக் கொண்டுவந்தபோது இந்தச் சிக்கல் கொஞ்சம் தளர்ந்தது. எரிபொருளும் மிச்சம், மழையில் பிடிப்பும் குறையவில்லை. நல்ல டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட ரப்பர் கலவைக்கும், அதை உருவாக்கிய ஆராய்ச்சிக்கும் போகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு வட்டம். அதனால்தான் லேபிளையும், பத்திரிகைகளும் வாகன ஓட்டிகள் சங்கங்களும் ஒரே காரில் பல டயர்களை மாட்டிச் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைகளையும் பார்க்கச் சொல்கிறேன். இணையத்தில் "நல்ல டயர், சத்தம் இல்லை" என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பழைய மொட்டை டயரோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள்.

பனி விழும் இடத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு வரி: மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி சோதனையில் தேறியதற்கு அடையாளம். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

படி 5: ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இப்போது விலைக்கு வருவோம். ஒரு டயரின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60,000 கி.மீ. ஓடும். இன்னொன்றின் விலை 70. அது 35,000 கி.மீ. ஓடும். மாட்டுவது, பேலன்ஸிங், வால்வ் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு முறையும் 10 ஆகிறது. முதல் டயருக்கு 110ஐ 60ஆல் வகுத்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 1.83. இரண்டாவதற்கு 80ஐ 35ஆல் வகுத்தால் 2.29. கடையில் 30 சதவீதம் மலிவாகத் தெரிந்த டயர், ஓடும்போது 25 சதவீதம் அதிகச் செலவு வைக்கிறது. கடைக்கு அலையும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

ஆனால் கணக்கு எப்போதும் இந்தப் பக்கமே சாயாது. வருடத்துக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு 60,000 கி.மீ. உழைக்கும் டயர் வீண். அந்தத் தூரத்தை எட்ட 12 வருடம் ஆகும். அதற்குள் ரப்பர் மூப்படைந்துவிடும். அவருக்கு உழைப்பு நடுத்தரமாகவும் ஈரப் பிடிப்பு நன்றாகவும் உள்ள டயர்தான் சரியான கொள்முதல். நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிறவர் எரிபொருள் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; டயரின் ஆயுள் முழுக்கச் செலவாகும் எரிபொருளின் முன் டயரின் விலை சிறியது.

பணம் மிச்சப்படுத்த நல்ல இடம் ஒன்று உண்டு: பெரிய நிறுவனங்களின் இரண்டாம் வரிசைப் பிராண்டுகள். ஃபயர்ஸ்டோன் 1988 முதல் பிரிட்ஜ்ஸ்டோனுடையது. கூப்பரை 2021இல் குட்இயர் வாங்கியது. பி.எஃப். குட்ரிச் மிஷெலினுடையது, பாரம், செம்பரிட் ஆகியவை கான்டினென்டலுடையவை. தாய் நிறுவனத்தின் புத்தம்புதிய கலவை இவற்றில் கிடைக்காமல் போகலாம், ஆனால் விலைக்கு நல்ல மதிப்பு பல சமயம் கிடைக்கும். லேபிளில் ஈரப் பிடிப்பு 'பி' இருந்தால் நான் தயங்காமல் வாங்குவேன்.

மிச்சப்படுத்தக் கூடாத இடம்: பிறர் ஓட்டிக் கழற்றிய டயர். காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடினாலே உட்சுவர் சிதைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு அது வேண்டாம்.

படி 6: எத்தனை மாற்றுவது, எங்கே போடுவது?

நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுவது சிறந்தது. முடியாவிட்டால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து, ஒரே பிராண்டு, ஒரே மாடலாக மாற்றுங்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள காரில் நான்கின் ஆழமும் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் அமைப்பு கெடும். அந்தச் செலவின் முன் டயர் விலை ஒன்றுமில்லை.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கர இயக்கமுள்ள காருக்கும் இதுதான் சரி. கடைக்காரர்களில் பலர் முன்னால் போடத்தான் கை நீட்டுவார்கள், "இழுப்பது முன்சக்கரம்தானே" என்பார்கள். முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும்; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழலத் தொடங்கும். அதை அடக்கப் பயிற்சி பெற்ற ஓட்டுநருக்கே நேரம் இருக்காது. அந்த மழைநாளில் எனக்கு நடந்தது இதுவேதான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் கடையில் விட்டுக்கொடுப்பதில்லை.

படி 7: கடையில் நிற்கும்போது

விலை கேட்கும்போதே எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்: மாட்டுவது, பேலன்ஸிங், புது வால்வ், அலைன்மென்ட், பழைய டயரை அப்புறப்படுத்துவது. டயர் விலையை மட்டும் குறைத்துச் சொல்லிவிட்டு மற்றவற்றில் ஏற்றுவது வழக்கமான வியாபாரம். ரப்பர் வால்வைப் புதுப்பிக்க ஆகும் செலவு மிகச் சிறிது. அதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு காற்று கசிந்து நல்ல டயர் கெடுவதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். நைட்ரஜன் வேண்டுமா என்றால், சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்று பார்க்கும் பழக்கமுள்ளவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

டயரை மாட்டுமுன் நீங்கள் கேட்ட அளவு, சுமை மற்றும் வேகக் குறியீடு, தேதி மூன்றையும் நான்கு டயரிலும் நீங்களே பாருங்கள். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். மாட்டிய பிறகு அதையும் சரிபாருங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பினால் போதாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். 80, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசிய வழவழப்புப் பொருள் மேலே இருக்கும். அது தேய்ந்து போகும்வரை முழுப் பிடிப்பு வராது.

படி 8: வாங்கியதைக் காப்பாற்றுவது

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், காலையில் வண்டி எடுக்குமுன். அளவு கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்த எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்து நிரப்பாதீர்கள். நல்ல டயரும் மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அளவில் காற்றை இழக்கும்.

பட்டன் பகுதியின் நடுவே 6 மி.மீ. வரை உள்ள ஓட்டையை, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்யலாம். பக்கச் சுவரில் குத்தினால் ஒட்டக் கூடாது. ஏறத்தாழ 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் டயர்களை இடம் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும்.

மாற்றிய அன்று ஓடோமீட்டர் எண்ணையும் டயரின் நான்கு இலக்கத் தேதியையும் பில்லின் பின்புறம் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். உங்கள் ரோட்டில், நீங்கள் ஓட்டும் விதத்தில் அந்த டயர் எவ்வளவு உழைத்தது என்ற எண் எந்த லேபிளிலும் இருக்காது. அடுத்த செட் வாங்கும் நாளில் ஐந்தாவது படியின் கணக்கை அந்த எண்ணை வைத்தே போடலாம்.